விலையில்லா வித்தை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினிக்குக் கட்டளை எழுதும் வித்தையாகிய புரோகிராமிங்கைத் தம் மக்கள் கற்கவேண்டுமென்று, நம்மவரிற் சிலர் நகையை அடகு வைத்துப் பணங் கட்டுகின்றனர். அதற்குமுன் அறியவேண்டிய சில விஷயங்களைத் தங்கள் முன் சமர்ப்பிக்கிறேன்.

அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. கலாசாலையார் தம் பாடங்களை இணையத்தில் யாவர்க்கும் இலவசமாய் அளிப்பதாக 2001-ஆம் ஆண்டில் அறிவித்தனர். நமது தேசத்தில் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி 2003-இல் என்.பி.டி.இ.எல். என்னும் ஏற்பாட்டைத் தொடங்கின. அதன் பாடங்கள் இப்போது ஸ்வயம் தளத்திற் கிடைக்கின்றன. சென்னைக் கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் அவர்கள் பைத்தான் மொழி கொண்டு கற்பித்த எட்டு வாரப் பாடமும் அவற்றுள் ஒன்று. கேட்பதற்குக் காசில்லை, பரீக்ஷை எழுதி நற்சாட்சிப் பத்திரம் பெற விரும்புவோர் மட்டுமே கட்டணம் செலுத்தவேண்டும்.

அங்ஙனமாயின் எல்லோரும் ஏன் கற்றுவிடவில்லை? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012–13-இல் இணையவழி நடத்திய 17 பாடங்களுக்கு வந்த பதிவுகள் 8,41,687. வழங்கப்பெற்ற பத்திரங்களோ 43,196. நூற்றுக்கு ஐந்தே! வேடிக்கை பார்க்க வந்தோரும் அத்தொகையில் உண்டு. எனினும், தனியே தொடங்கியவன் தடுமாறும்போது கைகொடுப்பாரில்லையேல் நின்றுவிடுவது இயல்பன்றோ?

கரையிலிருந்து நோக்கினவன் நீந்தக் கற்பதில்லை. ஏலச் சீட்டின் தள்ளுபடியிற் கமிஷன் நீக்கி, எஞ்சியதை அங்கத்தினருக்குப் பங்கிடும் கணக்கை ஒரு சிறுவன் எழுதட்டும். கமிஷனை நீக்காமலே பங்கிட எழுதினால், கணினி அவனைத் தடுக்காது. சொன்னபடியே செய்து பிழையான விடை தரும். அப்பிழையைத் தானே தேடித் திருத்தும்போதுதான் வித்தை வசப்படுகிறது.

ஆகையால், நமது சங்கக் கட்டிடத்தில் தினந்தோறும் மாலை ஒரு மணி நேரம் வாலிபர் கூடிப் பயில இடந்தருமாறு வேண்டுகிறேன். கைப்பேசியிற் பாடங் கேட்கலாம். எழுதிப் பழகக் கணினி வேண்டும். பழைய கணினியுடையோர் அதனை அளித்துதவுக. ஆங்கிலம் அறிந்தோர் அறியாதார்க்குப் பொருள் கூறுக. பெண்மக்களுக்கும் சம இடம் அளித்தல் வேண்டும். வீட்டு வேலை முடிந்து நடுநிசியிற் படிக்கும் நிலை அவர்களுக்கு ஆகாது.

பத்திரம் ஒன்றே உத்தியோகம் தந்துவிடுமென்று யான் கூறவில்லை. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் எட்டு வாரம் இலவசமாய்ப் பயின்று, பிள்ளையின் மனம் இதிற் பொருந்துகிறதா என்று பாருங்கள். பணம் செலவிடுவதைப் பற்றிப் பின்னர் யோசிக்கலாம்.