நகையின் எடையும் மாற்றும்

(ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் இலாகா இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)



சென்ற மாதம் இச்சங்கத்தின் நகைக்கடன் கணக்கை நான் தணிக்கை செய்துகொண்டிருந்தபோது, ஓர் அம்மாள் கண்கலங்கி வந்து நின்றார். விதைக்கும் உரத்துக்குமாகத் தம் கல் அட்டிகையை அடகு வைக்க வந்தவர் அவர். வீட்டில் ஆறு சவரன் என்று சொல்லி வந்த நகையை நம் மதிப்பீட்டாளர் நாலரைச் சவரனாகக் கணக்கிட்டார். ஒன்றரைச் சவரனை யாரோ அபகரித்துவிட்டதாகவே அந்த அம்மாள் எண்ணினார். அவர்மீது குற்றமில்லை, கணக்கு எவ்வாறு வந்தது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இன்று வந்தேன்.

அட்டிகை தராசில் 48 கிராம் நின்றது. அது ஆறு சவரன்தான். ஆனால் அதில் கற்களும், கற்களைத் தாங்கும் அரக்குமாக 8 கிராம் இருந்தன. மீதி 40 கிராம். அந்தப் பொன்னும் 22 காரட் அன்று. உரைத்துப் பார்த்ததில் 20 காரட். 40-ஐ 20-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் 36 கிராமுக்குச் சற்று மேல் வரும். அதுவே நாலரைச் சவரன். அபகரித்தவர் யாருமில்லை; இல்லாத பொன்னை இருப்பதாக நம்பி வாங்கியதே நேர்ந்த பிழை.

காரட் என்பது யாது? சுத்தத் தங்கத்தை 24 பங்காகக் கொண்டு, நகையில் எத்தனை பங்கு பொன் உள்ளது என்று சொல்லும் கணக்கே அது. நம் பெரியோர் பத்தரை மாற்று என்றதும் இச்சுத்தத் தங்கத்தையே. சுத்தத் தங்கம் மிருதுவானது, வளைந்து தேய்ந்துவிடும். ஆகையால் செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள். 22 காரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கும், 18 காரட்டில் 750 பங்கும் பொன். செம்பு மிகுந்தால் நகை சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளுக்கும். எனவே நிறத்தை மட்டும் கண்டு மாற்றைத் தீர்மானிப்பது தவறு.

சவரன் என்னும் சொல்லாலும் மயக்கம் உண்டாகிறது. இங்கிலாந்தின் சவரன் காசு 22 காரட் பொன்னால் ஆனது. நிறை 8 கிராமுக்கு இம்மியளவே குறைவு. இன்று நாம் சவரன் என்பது வெறும் 8 கிராம் எடையையே. 22 காரட் நகையின் ஒரு சவரனில் சுத்தப் பொன் ஏழே கால் கிராமுக்குச் சற்று மேல் உண்டு. 18 காரட்டின் ஒரு சவரனிலோ 6 கிராமே உண்டு.

உரைகல்லைப் பற்றிச் சிலருக்கு அவநம்பிக்கை இருக்கிறது. நகையைக் கருங்கல்லில் உரைத்து, மாற்று அறிந்த ஆணியையும் அருகே உரைத்து, திராவகம் தடவி இரு கோடுகளையும் ஒப்பிடுவதே முறை. கைதேர்ந்தவர் செய்தால் பெரும்பாலும் தவறாது. ஆனால் உரைகல் மேற்புறத்தையே அறியும். கனமாக முலாம் பூசிய பித்தளை வளையல் அதனை ஏமாற்றக்கூடும். ஆகவேதான் மதிப்பீட்டாளர் சில சமயம் மறைவான இடத்தில் அரத்தால் சிறிது கீறிப் பார்க்கிறார். அதற்காக அவரைக் கோபிக்க வேண்டாம். சங்கிலியாயின் பற்றுவைத்த இடங்களையும் உரைக்கச் சொல்லுங்கள்; பொடி மிகுந்த நகை அங்கேதான் அகப்படும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. என் தங்கையின் விவாகத்திற்காகத் தாயாரின் உள்கூடான காப்புகளை விற்கச் சென்றோம். உருக்கியபோது அரக்கு புகைந்து போயிற்று. எஞ்சிய பொன் நாங்கள் நினைத்ததில் பாதிக்குச் சற்று மேல். அந்நாளில் ரசீதும் இல்லை, கேட்பதற்கு வழியும் இல்லை.

இப்போது வழி உண்டு. 2000-இல் ஏற்பட்ட ஹால்மார்க் முத்திரை, 2021 ஜூன் 16 முதல் ஜில்லாவாரியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. முக்கோண அடையாளம், 22கே916 போன்ற மாற்றுக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். முத்திரை கட்டாயமான இடங்களில் 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்கக் குறியின்றிக் கடைக்காரர் விற்கக்கூடாது. 2 கிராமுக்குட்பட்ட சிறு நகைகளுக்கு விலக்கு உண்டு. அக்குறியைக் கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. முத்திரையில்லாத பழைய நகையை வைத்திருப்பது குற்றமன்று, அஞ்சவேண்டாம்.

கே.டி.எம். என்று சொல்லி விற்பதைச் சிலர் முத்திரை என்று நம்புகிறார்கள். அது காட்மியம் கலந்து பற்றுவைக்கும் முறையின் பெயரே, மாற்றுக்கு அத்தாட்சியன்று. காட்மியப் புகை ஆசாரிகளின் நுரையீரலுக்குப் பெருங்கேடு.

இனி நகை வாங்குவோர், மொத்த எடை, கல் எடை, நிகரப் பொன் எடை, காரட், செய்கூலி, சேதாரம் ஆகியவற்றைத் தனித்தனியே ரசீதில் எழுதி வாங்குங்கள். முத்திரை பொன்னின் மாற்றைச் சொல்லுமேயன்றிக் கல்லின் எடையைச் சொல்லாது. செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பா. சங்கம் கொடுக்கும் அடகு ரசீதிலும் மொத்த எடையும் நிகர எடையும் வெவ்வேறாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். எழுதாவிடில் காரியதரிசியைக் கேளுங்கள். அவரும் எழுதாவிடில் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

மதிப்பீட்டாளர் இன்று தம் உரைகல்லையும் தராசையும் கொண்டுவந்திருக்கிறார். சந்தேகமுள்ள நகை எதுவாயினும் கூட்டம் முடிந்ததும் உங்கள் கண்ணெதிரிலேயே உரைத்துக் காட்டுவார். கட்டணமில்லை.