எந்தெந்தக் கல்லூரிக்கு எழுதிப் போடுவது?

(யூபிலி ஆண்டுக் கல்வி நாளன்று பங்கின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



யூபிலி ஆண்டில் பெரிய பொருள்களைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பொருள் சிறியது. கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது எத்தனை கல்லூரிகளை எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது என்பதே அது. சிறியதுதான். ஆனால் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் நம் வீடுகளில் உறக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள்.

நம்மில் பலருடைய குடும்பங்கள் ஓசூருக்கு வந்தது வேலையை நம்பி. 1970களில் சிப்காட் வந்தது. 1980களில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் இங்கே ஓடத் தொடங்கின. அன்று ஐ.டி.ஐ. சான்றிதழோடு ஒருவர் வந்தால் வாழ்க்கை அமைந்துவிடும். எனவே எந்தக் கல்லூரி என்ற கேள்வி அந்தத் தலைமுறைக்கு எழவேயில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்று அந்தக் கேள்வியோடு நிற்கிறார்கள். வீட்டில் வழி சொல்ல ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, பிரௌசிங் சென்டர்காரர் சொன்னது, பேருந்தின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரம் சொன்னது, இவையே வழிகாட்டி.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இருவகை. முதல் வகையினர் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்: "கிண்டி கிடைத்தால் சேருவான், இல்லாவிட்டால் ஓராண்டு வீட்டில் இருக்கட்டும்." இரண்டாம் வகையினர் பயந்தவர்கள்: "நமக்கெல்லாம் அது எங்கே சார் கிடைக்கும்? பஸ் வருகிற காலேஜாகப் பார்த்து ஒன்று எழுதிக் கொடுங்கள்." முதல்வர் மகனை ஓராண்டு இழக்கச் செய்கிறார். இரண்டாமவர், மகளின் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார். இருவரில் யாருடைய இழப்பு பெரிது என்றால், இரண்டாமவருடையது என்றே நாங்கள் சொல்வோம். முதல்வருக்குத் தாம் இழந்தது தெரியும். இவருக்கு அது தெரிவதேயில்லை.

ஆகையால் ஒரு தாளை மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். மேல் மடிப்பில் எட்டிப் பார்க்கும் கல்லூரிகள்: நம் மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே இருப்பவை, கிடைத்தால் பெருமகிழ்ச்சி. நடு மடிப்பில் கைக்கு எட்டும் கல்லூரிகள்: சென்ற ஆண்டு நம்மையொத்த மதிப்பெண்காரர்கள் சேர்ந்தவை. கீழ் மடிப்பில் கைக்குள் இருக்கும் கல்லூரிகள்: எப்படியும் கிடைக்கும், செலவும் நமக்குத் தாங்கும். இந்தக் கீழ் மடிப்பைத்தான் எல்லோரும் அலட்சியமாக நிரப்புகிறார்கள். கிடைத்தால் உண்மையிலேயே போய்ப் படிப்போமா என்று கேட்டு, "ஆம்" என்று சொல்லக்கூடிய பெயர்கள் மட்டுமே அங்கே இருக்க வேண்டும். போக மனமில்லாத கல்லூரியை எழுதி வைப்பது, தாளை நிரப்பத்தான் உதவும்.

பொறியியலை எடுத்துக்கொள்வோம். 1997 முதல் தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளர முறை நடக்கிறது. நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை. 2018 முதல் எல்லாம் இணைய வழி. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக 200க்கு ஒரு கட்-ஆஃப். அதை வைத்துத் தர எண். கலந்துகொள்ளும் கல்லூரிகளோ 400க்கு மேல். கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்ததுதான் ஒரு விருப்பம். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம், காசில்லை. அப்படியிருந்தும் ஐந்தாறு வரியோடு நிறுத்திவிட்டு, அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல், நல்ல இடங்கள் போன பிறகு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் துடைத்தாக வேண்டும். "பெரிய கல்லூரியை முதலில் எழுதினால் சின்னதும் போய்விடும்" என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. உங்கள் தர எண்ணுக்கு முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. முதல் வரியில் இடம் இருந்தால் தருகிறது. இல்லையேல் இரண்டாம் வரி, பிறகு மூன்றாம் வரி. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியை நீங்கள் அறுபதாம் வரியில் எழுதியிருக்கிறீர்கள், இன்னொருவர் முதல் வரியில் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அவருக்கு முன்னுரிமை ஏதுமில்லை. தர எண் யாருக்கு முந்தியதோ அவருக்கே இடம். எனவே கிடைக்குமா என்று ஊகித்து வரிசைப்படுத்தாதீர்கள். எது அதிகம் வேண்டுமோ அதை மேலே எழுதுங்கள். உறுதியான கல்லூரியைப் பயத்தில் முதல் வரியில் எழுதிவிட்டால் கணினி அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கீழே எழுதிய நல்ல கல்லூரியை அது பார்க்கவே பார்க்காது.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பின் குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொள்ளலாம், ஏற்றுக்கொண்டே மேல் வரிகளுக்குக் காத்திருக்கவும் செய்யலாம். பதில் சொல்லாமல் விட்டால் அந்த இடம் போயிற்று. ஆகவே விண்ணப்பத்தில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுங்கள். பிரௌசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் கடையைப் பூட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன அன்று தவிக்காதீர்கள்.

நடு மடிப்பை நிரப்பச் சென்ற ஆண்டின் கடைசி மதிப்பெண் பட்டியல் வேண்டும். அது இணையத்திலேயே கிடைக்கிறது. ஒரே ஆண்டை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். கணிதத் தாள் எளிதாக வந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும். இன்னொன்று, உங்கள் பிரிவுக்குரிய பத்தியைப் பார்க்க வேண்டும். இதை நம் பங்கில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆதிதிராவிட மரபிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கின்றன. அது நியாயமா என்பது நீண்ட நாள் வழக்கு, அதை இன்று பேச நேரமில்லை. ஆனால் பட்டியல் போடும் அன்று, இந்து உறவினர் மகனுக்குக் கிடைத்த மதிப்பெண்ணை வைத்து நம் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று கணக்கிட்டால் நடு மடிப்பு முழுவதும் தவறிவிடும். பி.சி. பத்தியைப் பாருங்கள்.

பாடப்பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். ஆகவே அதன் மதிப்பெண் எங்கும் உச்சத்தில் நிற்கிறது. அதே கல்லூரியில் மெக்கானிக்கலும் புரொடக்‌ஷனும் எலெக்ட்ரிக்கலும் பல மதிப்பெண் கீழே கிடைக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் அவற்றை ஒதுக்கட்டும். சிப்காட் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்த நாமும் ஒதுக்குவதுதான் வேடிக்கை. போச்சம்பள்ளியில் 2021இல் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது. ஓசூரைச் சுற்றி மோட்டாரும் பேட்டரியும் மின்னணு உதிரிப் பாகமும் செய்யும் ஆலைகள் பெருகியிருக்கின்றன. முகம் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதைவிட, பர்கூரிலோ சேலத்திலோ தருமபுரி செட்டிக்கரையிலோ உள்ள அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் எலெக்ட்ரிக்கல் படிப்பது மேல் என்பது எங்கள் கருத்து. மாற்றுக் கருத்துடையவர்கள் தேநீர் வேளையில் எங்களோடு சண்டைக்கு வரலாம்.

இனி, எல்லையில் இருப்பதால் நமக்கு மட்டுமே உள்ள சிக்கலுக்கு வருவோம். பெங்களூர் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு விதி. நம் பிள்ளைகள் சிலர் பதினொன்று, பன்னிரண்டை அந்தப் பக்கம் பி.யூ.சி.யாகப் படிக்கிறார்கள். அந்த முடிவை எடுக்கும்போதே கல்லூரிப் பட்டியலில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது என்பதைப் பெற்றோர் உணர்வதில்லை.

எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவருக்கு இங்குள்ள கவுன்சலிங்கில் இருப்பிடச் சான்று தேவையில்லை. இடையில் அந்தப் பக்கம் போனவர் தமிழ்நாட்டுக்காரர்தான் என்று நிரூபிக்கச் சான்றிதழ் வாங்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு பொறியியலில் 2021 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு பி.யூ.சி. அந்த உரிமையை அழித்துவிடும். சரி, கர்நாடகத்தின் சி.இ.டி. இருக்கிறதே என்பீர்கள். அங்கே பொது விதிப்படி குறைந்தது ஏழு ஆண்டு கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், இரண்டு ஆண்டு போதாது. எல்லைப்புறக் கன்னடிகர் என்று ஒரு பிரிவும் உண்டு. கன்னடம் தாய்மொழியாக உள்ள குடும்பங்கள் அந்த விதியைப் படித்துப் பார்க்கட்டும். மற்றவர்க்கு அந்தப் பக்கம் திறந்திருக்கும் பெரிய கதவு, தனியார் கல்லூரிகளுக்கான காமெட்-கே தேர்வு. அதில் எந்த மாநிலத்தாரும் எழுதலாம். ஆனால் கட்டணம் வேறு தரத்தில் இருக்கும்.

என்.ஐ.டி.களின் கணக்கு இன்னும் விசித்திரமானது. அங்கே பாதி இடம் சொந்த மாநிலத்தாருக்கு. எது சொந்த மாநிலம் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு எங்கே தேறினார் என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஓசூரில் பிறந்து ஓசூரிலேயே குடியிருந்தாலும், அத்திப்பள்ளியில் பன்னிரண்டை முடித்த பிள்ளைக்குத் திருச்சி அயல் மாநிலம், சுரத்கல் சொந்த மாநிலம்! இதில் நட்டம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவே.

ஆந்திரத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வேலைக்கு வந்த குடும்பங்களும் இங்கே இருக்கிறீர்கள். ஐந்து ஆண்டு இங்கே படித்த உங்கள் பிள்ளை தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் கலந்துகொள்ளலாம். ஆனால் பொதுப் பிரிவில்தான். ஆகவே ஓ.சி. பத்தியைப் பார்த்துப் பட்டியலிடுங்கள்.

பொறியியல் மட்டுமே கல்லூரி அல்ல. அரசு கலைக் கல்லூரிகள் கிருஷ்ணகிரியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உண்டு. திருப்பத்தூரில் சலேசிய சபையார் 1951இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி நமக்குத் தொலைவில் இல்லை. பெங்களூர் புனித வளனாருக்கு 1882 முதல் வரலாறு உண்டு. இவற்றுக்கு ஒற்றைச் சாளரம் கிடையாது. விண்ணப்பம் வேறு, கடைசி நாள் வேறு. பொறியியல் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கதவுகள் மூடிவிடும். ஆகவே கீழ் மடிப்பில் ஒரு கலைக் கல்லூரி, மே மாதத்திலேயே விண்ணப்பம் போட்டு முடித்ததாக இருக்கட்டும். பாலிடெக்னிக்கையும் இழிவாக எண்ண வேண்டாம். டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

பணத்தைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுவோம். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரத்தில் கிடைத்த இடத்துக்கே உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024இல் ஆண்களுக்கும் தொடங்கினார்கள். தேர்வு முடிந்த மறுவாரமே வீடு தேடி வந்து, "பெங்களூரில் நர்சிங் சீட், இன்றே அட்வான்ஸ்" என்று சொல்லும் தரகரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? நர்சிங் கவுன்சில் அனுமதி எங்கே? சான்றிதழின் மூலத்தை மட்டும் எவர் கையிலும் கொடுக்க வேண்டாம்.

ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "பட்டியலெல்லாம் சரி, பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?" நல்ல கேள்வி. பன்னிரண்டு முடித்த பெண்களுக்கு இன்று இங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை இருக்கிறது, விடுதி இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் இருக்கிறது. அந்த வேலையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அதனால் நிமிர்ந்த குடும்பங்கள் நம் பங்கிலேயே இருக்கின்றன. ஆனால் அம்மா, ஆலையின் விடுதிக்கு அனுப்பத் துணிகிற நாம், சேலத்துக் கல்லூரி விடுதிக்கு அனுப்பத் தயங்குவது ஏன்? மகளின் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் விடுதி உண்டா, என்ன கட்டணம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய பிறகு பயம் பாதியாகிவிடும். மீதிப் பாதிக்கு, ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த மூன்று ஞாயிறும் இரண்டாம் திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி அறையில் நாங்கள் அமர்ந்திருப்போம். மதிப்பெண் வந்தவர்களும் வரலாம், வராதவர்களும் வரலாம். மடித்த தாளைப் பென்சிலால் எழுதிக் கொண்டுவாருங்கள். ரப்பர் எங்களிடம் இருக்கிறது.