தொண்டையில் நிற்கும் கதிர்

நெல்லின் தண்டு கணுக்களால் பகுக்கப்பட்டது. அதன் உச்சியில், கதிரைத் தாங்கி நிற்கும் கடைசி இடைக்கணுவே கதிர்க்காம்பு எனப்படும். பயிரில் இறுதியாக விரியும் இலையைக் கண்ணாடி இலை என்றும், அவ்விலையின் உறைக்குள் இளங்கதிர் அடங்கியிருக்கும் நிலையைத் தொண்டைக்கதிர்ப் பருவம் என்றும் உழவர்கள் வழங்குவர். பூப்பதற்கு ஏறத்தாழ 30 நாள் முன்பே தண்டினுள் உருவாகிவிடும் கதிர், காம்பு கடைசிச் சில நாட்களில் விரைந்து நீள்வதால்தான் உறையைப் பிளந்து வெளிவருகிறது. அந்த ஒரு சாண் நீட்சி தடைபடுமாயின், கதிரின் நுனிப்பாதி வெளியிலும் அடிப்பாதி உறைக்குள்ளுமாக நின்றுவிடும்.

இதனால் விளையும் இழப்பை அறியப் பூக்கும் முறையை நோக்க வேண்டும். நெற்பூக்கள் கதிரின் நுனியிலிருந்து அடி நோக்கி, நாள்தோறும் முற்பகலில், உமிகள் இரண்டும் சற்றே விலகி மகரந்தப்பைகள் வெளியே தொங்கும் வண்ணம் மலர்ந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்கின்றன. உறைக்குள் நெருக்கப்பட்ட பூவுக்கோ உமி விரிய இடமில்லாததால், அது கருவுறாமல் பதராகிறது. செருப்பு ஆர்க்கிட் எனப்படும் அலங்காரச் செடிகளிலும் காம்பு நீளாமல் பூ இலைகளுக்கிடையே தாழ்ந்து மலர்வதுண்டு. ஆர்க்கிட்டில் அது அழகுக்கு மட்டுமே குறை. தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களிலோ அது ஓராண்டின் வருமானத்தைக் குறைத்துவிடுகிறது.

காரணங்களுள் முதன்மையானதும் அதிகம் பேசப்படாததும் நீர்க்குறைவே ஆகும். காம்பின் செல்கள் தம்முள் நிரம்பிய நீரின் அழுத்தத்தாலேயே நீள்கின்றன. மண் காயும்போது அவ்வழுத்தம் தளர்ந்து, கதிர் முழுமையாக உருவாகியிருந்தும் வெளியே தள்ளப்படுவதில்லை. காவிரி டெல்டாவுக்கு நீர் தரும் மேட்டூர் அணை மரபுப்படி ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுவது. 2012ஆம் ஆண்டு போல் செப்டம்பர் 17 வரை திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில், நீர் கல்லணையைக் கடந்து வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதிகளை எட்ட மேலும் நாட்களாகும். சாவித்திரி என்ற சி.ஆர். 1009 நெல் இரகம் ஏறத்தாழ 155 நாள் பயிர். பூத்தபின் முற்றுவதற்கான 30 நாளைக் கழித்தால், அக்டோபர் முதல் தேதி விதைத்த வயலில் கதிர் வெளிவரும் நாள் பிப்ரவரி 3 அளவில் அமைகிறது. அணை மூடிய பிறகு பூக்கும் அப்பயிருக்கு வாய்க்காலில் எஞ்சிய நீரும் பின்மழையுமே துணை. தாமதமான ஆண்டுகளில் நீண்டகால இரகத்தை விட்டுக் குறுகிய அல்லது மத்திய கால இரகத்துக்கு மாறுமாறு கூறப்படும் அறிவுரை இக்கணக்கின் அடிப்படையில் எழுந்ததே.

இரண்டாவது காரணம் இலையுறை அழுகல் நோய். சரோகிளேடியம் ஒரைசே என்ற பூஞ்சை உண்டாக்கும் இந்நோய் 1922இல் தைவானில் சவாதா என்ற ஜப்பானிய அறிஞரால் முதலில் விவரிக்கப்பட்டது. கண்ணாடி இலையின் உறையில், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட ஒழுங்கற்ற புள்ளிகள் தோன்றிப் பரவும். உறையை உரித்தால் உட்புறத்தில் வெண்பொடி படிந்திருக்க, அதனுள் சிக்கிய மணிகள் நிறம் மங்கிக் கருக்காயாகியிருக்கும். தழைச்சத்தை மிகையாக இட்ட வயல்களிலும், தண்டுத் துளைப்பானாலோ சிலந்திப்பேன்களாலோ ஏற்கெனவே காயமுற்ற பயிரிலும் பூஞ்சை எளிதில் நுழைகிறது. உறை ஈரமாயிருக்கும் மார்கழிப் பனிக்காலம், சம்பா, தாளடிப் பருவப் பயிர்கள் சூல் கொண்டிருக்கும் காலமாகவும் அமைந்துவிடுவது டெல்டாவின் கெடுவாய்ப்பு.

பூஞ்சைக்கும் காம்பின் நீளத்துக்கும் உள்ள உறவில் ஒரு விந்தையும் உண்டு. நெல் நாற்றுகளை இயல்புக்கு மீறி ஒல்லியாக நெடிது வளரச் செய்யும் வேறொரு பூஞ்சையின் வடிநீரே அவ்வளர்ச்சிக்குக் காரணம் என்று 1926இல் குரோசாவா தைவானில் நிறுவினார். அவ்வடிநீரில் உள்ள பொருளுக்கு 1935இல் யபுதா ஜிப்ரலின் என்று பெயரிட்டார். இது செடிகளே தமக்குள் சுரக்கும் வளர்ச்சி ஊக்கியுமாகும். வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் பயன்படும் ஆண்மலட்டுத் தாய்ப்பயிரில் கதிர் பிறவியிலேயே உறைக்குள் அரைகுறையாக நின்றுவிடுவதால், கதிர் தலைகாட்டும் தறுவாயில் ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பது வழக்கமாகிவிட்டது. நோயாக வந்தது இன்று விதைப்பண்ணையின் கருவி. எனினும் நீரின்றியோ நோயாலோ நின்ற கதிருக்கு அதையே மருந்தெனக் கடையில் வாங்கித் தெளிப்பது வீண்செலவு. தடையின் காரணம் அங்கு வேறாகும்.

ஆகவே தெளிப்பதற்கு முன் காரணத்தைப் பிரித்தறிவதே முறை. பாதி வெளிவந்த கதிர்கள் சிலவற்றை வயலின் மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் பறித்து உறையை உரித்துப் பார்க்க வேண்டும். உறை பச்சையாகவும் தூய்மையாகவும் இருந்து, குறை மேட்டுப்பகுதியில் மிகுந்திருந்தால் அது நீர்க்குறை. பழுப்புப் புள்ளியும் வெண்பொடியும் இருந்தால் அழுகல். கதிர் வெளுத்து, இழுத்ததும் கையோடு வந்தால் அது தண்டுத் துளைப்பானின் வேலை. அழுகல் நோய்க்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றையோ 3 சதவீத வேப்பெண்ணெயையோ தொண்டைக்கதிர்ப் பருவத்தில் ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. வாய்க்கால் கரைகளை அடைத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் இலைப்பொடிச் சாறும் அப்பரிந்துரையில் உண்டு. ஐயம் தீராத உழவர்கள், உரித்த கதிர்களை வாடும் முன்பே ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்திலோ காட்டி, அதன் பிறகே மருந்துக்கடைக்குச் செல்ல வேண்டும்.