எண்ணெய் மணல் சுரங்கம்: அனுமதிக்கு முந்திய எட்டு ஆண்டுகள்

(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)

பெருந்திட்டம் ஒன்றின் வரலாறு அடிக்கல் நாட்டு விழாவுடன் தொடங்குவதாகக் கருதுவது வழக்கம். ஆனால் மண்வெட்டி நிலத்தில் படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அத்திட்டத்தின் நன்மை தீமைகளுள் பெரும்பாலானவை கோப்புகளில் உருப்பெற்றுவிடுகின்றன. ஒரு மண்வெட்டி கூட நிலத்தில் படாமலே முடிவுற்ற திட்டம் ஒன்று இதற்குத் தக்க சான்றாகும். கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், டெக் ரிசோர்சஸ் நிறுவனம் அமைக்க முன்வந்த ஃபிரான்டியர் எண்ணெய் மணல் சுரங்கமே அது.

எண்ணெய் மணல் என்பது மணல், களிமண், நீர் ஆகியவற்றுடன் தார் போன்ற கெட்டியான பிட்டுமென் கலந்த பொருள். ஒரு பீப்பாய் எண்ணெய் பெற ஏறத்தாழ இரண்டு டன் மணலைத் தோண்டி, வெந்நீரால் கழுவிப் பிரிக்க வேண்டும். எஞ்சும் கழிவுநீரும் நுண்களிமண்ணும் பெரிய குட்டைகளில் தேக்கப்படுகின்றன. இக்களிமண் தானே படிவதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். 1967-இல் இம்மாகாணத்தில் பெருமளவு உற்பத்தி தொடங்கிய நாள் முதல் தீராத சிக்கல் இது.

திட்டத்தின் அளவு

ஃபோர்ட் மெக்மரி நகருக்கு வடக்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், அதபாஸ்கா ஆற்றின் மேற்குக் கரையில் சுரங்கம் அமையவிருந்தது. நாளொன்றுக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் பீப்பாய் உற்பத்தி. 2,060 கோடி கனடிய டாலர் மூலதனம். சுமார் 41 ஆண்டு ஆயுள். சுமார் 292 சதுர கிலோமீட்டர் நிலம் உருமாற இருந்தது. கட்டுமானக் காலத்தில் 7,000 பேர் வரையிலும், பின்னர் 2,500 பேர் வரையிலும் வேலை பெறுவர் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

மறுதட்டில் இருந்தவையும் சிறியன அல்ல. ஆண்டுக்கு சுமார் 41 லட்சம் டன் பசுங்குடில் வாயுக்கள் வெளியாகும் எனக் கணக்கிடப்பட்டது. 1983 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் வுட் பஃபலோ தேசியப் பூங்கா அருகில் இருந்தது. ரொனால்டு ஏரிப் பகுதியின் காட்டெருமை மந்தை மேயும் நிலமும், 1899-ஆம் ஆண்டின் எட்டாம் உடன்படிக்கையின்படி ஆதிக்குடிகள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழும் நிலமும் அங்கேயே இருந்தன.

ஆய்வின் நெறிமுறை

கனடாவில் இயற்கை வளங்கள் மாகாணங்களுக்கு உரியவை. மீன்வளமும் ஆதிக்குடிகள் தொடர்பான பொறுப்பும் மத்திய அரசைச் சார்ந்தவை. எனவே இருவேறு அதிகாரங்களின் அனுமதி இத்திட்டத்துக்குத் தேவைப்பட்டது. ஒரே பொருளை இருமுறை விசாரிப்பதைத் தவிர்க்க, ஆல்பர்ட்டா எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பும் மத்தியச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு முகமையும் கூட்டு ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தன.

விண்ணப்பம் 2011-இல் அளிக்கப்பட்டு, 2015-இல் திருத்தப்பட்டது. பொது விசாரணை 2018 செப்டம்பரில் தொடங்கியது. 2019 ஜூலையில் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை வெளிவந்தது. ஈரநிலங்கள், முதிர்ந்த காடுகள், பல்லுயிர் வளம், ஆதிக்குடிகளின் உரிமைகள் ஆகியவற்றுக்குக் குறிப்பிடத்தக்க பாதகம் நேரும் என்று குழு கண்டது. எனினும், பொருளாதாரப் பயன்களைச் சீர்தூக்கி, திட்டம் பொது நன்மைக்கு உகந்தது என்று முடிவு கூறியது. இப்பாதகங்கள் ஏற்கத்தக்கனவா என்று தீர்மானிக்கும் பொறுப்பு மத்திய அமைச்சரவையைச் சார்ந்தது. அதற்கான கெடு 2020 பிப்ரவரி இறுதி.

கெடுவுக்குச் சில நாட்கள் முன்னர், பிப்ரவரி 23 அன்று நிறுவனமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. 113 கோடி கனடிய டாலர் மதிப்பு கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. வள மேம்பாட்டையும் பருவநிலை நடவடிக்கையையும் இணைக்கும் கொள்கைக் கட்டமைப்பு நாட்டில் இன்னும் உருவாகவில்லை என்பதே நிறுவனம் முன்வைத்த முதன்மையான காரணம்.

கற்கத்தக்கவை

முதலாவது, கொள்கை முடிவுகளைத் திட்ட ஆய்வின் தலையில் சுமத்துவது தகாது. எண்ணெய் மணல் தொழிலின் வாயு வெளியீட்டுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டன் என்ற வரம்பை மாகாணம் 2016-இல் சட்டமாக்கியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வகுக்கப்படவில்லை. 2050-க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்கும் இலக்கை மத்திய அரசு அறிவித்தது. அதில் இத்தொழிலின் பங்கு எவ்வளவு என்பது வரையறுக்கப்படவில்லை. அரசுகள் விடை கூறாத வினாவுக்கு ஒரு தனிச் சுரங்கத்தின் கோப்பில் விடை தேடப்பட்டது.

இரண்டாவது, பயன்-செலவுக் கணக்கின் வலிமை அதன் அனுமானத்தின் வலிமையே. 2011-இல் நிலவிய எண்ணெய் விலை 2020-இன் தொடக்கத்தில் இல்லை. நாற்பதாண்டு வருவாயைக் கணிக்கும்போது, விலை வீழ்ந்தால் பொது நன்மை எவ்வளவு எஞ்சும் என்பதையும் உடன் காட்டுவது முறையாகும்.

மூன்றாவது, கலந்தாலோசனைக்கு மாற்று இல்லை. பதினான்கு ஆதிக்குடிக் குழுக்களுடன் நிறுவனம் உடன்பாடு கண்டது, இது பாராட்டுக்குரியது. ஆயினும் அவற்றுள் சில, காட்டெருமை மந்தையின் பாதுகாப்பு போன்றவற்றில் மாகாண அரசின் உறுதியை 2020 தொடக்கத்திலும் எதிர்பார்த்திருந்தன. நிறுவனத்தின் உடன்பாடு அரசின் கடமையை நிறைவேற்றிவிடுவதில்லை.

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, வகைப்படுத்தல், ஆய்வு வரம்பை நிர்ணயித்தல், பொதுமக்கள் கருத்தறிதல், மதிப்பாய்வு என நான்கு படிகளை வகுத்துள்ளது. படிகள் எத்துணை செம்மையாக அமையினும், முதற்படியில் கேட்க வேண்டிய வினாவை இறுதிப்படியில் கேட்டால் பயனில்லை. அவ்வாறு கேட்கப்படும்போது இழப்பு முதலீட்டாளருக்கு மட்டுமன்று. எட்டாண்டுக் காலம் நிச்சயமின்மையில் காத்திருந்த வட்டார மக்களுக்கும் உண்டு. கோப்பைக் கையாளும் ஒவ்வோர் அலுவலரும் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே.