நோயுற்ற மீனும் கூழைக்கடாவும்

வடக்கனந்தல் சந்தையில் மீன் வாங்குகிறவர்களுக்கு ஜிலேபி கெண்டை தெரியாமல் இருக்காது. அதே மீன் கலிபோர்னியாவின் சால்டன் ஏரியிலும் இருந்தது. 1996-இல் அங்கே ஆயிரக்கணக்கான கூழைக்கடாப் பறவைகள் செத்து மிதந்தன.

நடந்தது இதுதான். பாக்டீரியா தொற்றிய மீன்கள் ஆழத்தில் இருக்க முடியாமல் மேலே வந்து தத்தளித்தன. சுலபமாகச் சிக்குகிற இரையைப் பறவை விடுமா? அந்த மீனுக்குள் உருவான போட்டுலினம் நஞ்சு பறவையையும் கொன்றது.

இதைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தவர்கள் நம் நாட்டவர்கள்: கொல்கத்தாவின் ஜாய்தேவ் சட்டோபாத்யாய், நந்ததுலால் பைராகி. 2001-இல் அவர்களின் கட்டுரை வெளிவந்தது. கணக்கில் மூன்றே பாத்திரங்கள்: நல்ல மீன், நோயுற்ற மீன், பறவை. ஒன்றின் எண்ணிக்கை மாறினால் மற்ற இரண்டும் எப்படி மாறும் என்பதே கேள்வி.

எனக்குப் பிடித்த இடம் வேறு. பொதுவாக, நோயுற்ற இரையை வேட்டையாடும் உயிரினம் தின்றுவிட்டால் தொற்றுப் பரவல் குறையும். கூலி கேட்காத சுகாதாரப் பணியாளர் அது! சால்டனில் அந்தப் பணியாளரே சாகிறார். பறவைகள் குறைந்தால், நோயுற்ற மீன்கள் இன்னும் அதிக நாள் நீரில் நீந்தி, மற்ற மீன்களுக்கும் நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.