பெரும்பான்மையை எங்கே எண்ணுவது?

(குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பின் நம் வளாகத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

டிபன் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

அரசியல் விவகாரத்தில் கோர்ட்டுக்கு என்ன வேலை என்று நம் வாக்கிங் நண்பர் ஒருவர் அடிக்கடி கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1989 ஏப்ரல். கர்நாடகத்தில் எஸ்.ஆர்.பொம்மை முதல்வர். 19 எம்.எல்.ஏ.க்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதாக ஆளுநரிடம் கடிதங்கள் போயின. உடனே அவர்களில் 7 பேர், தவறான தகவல் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று மறுத்தார்கள். சட்டசபையைக் கூட்டுங்கள், பெரும்பான்மையை நிரூபிக்கிறேன் என்றார் பொம்மை. அதற்கு வாய்ப்பே தரவில்லை. ஏப்ரல் 21 அன்று 356-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. நமக்கும் இது புதிதல்ல. 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை தமிழ்நாட்டிலும் ஆட்சியைக் கலைத்திருக்கிறார்கள்.

பொம்மை கோர்ட்டுக்குப் போனார். 1994 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அவர் நல்ல முதல்வரா என்று அது பார்க்கவில்லை; அது வாக்காளர் வேலை. பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் கணக்குப் போடக்கூடாது, சட்டசபையில்தான் எண்ண வேண்டும் என்றது. ஆட்சிக் கலைப்பைக் கோர்ட் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது.

அதே தீர்ப்பு, 1992 டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேச ஆட்சிகளை மதச்சார்பின்மைக் காரணம் காட்டிக் கலைத்தது செல்லும் என்றது. அது கோர்ட்டின் வேலைதானா என்று வாதிடுவோர் உண்டு.

இன்னொரு குறை, தாமதம். தீர்ப்பு வருவதற்குள் 5 வருடம் ஓடிவிட்டது. பொம்மைக்குப் பதவி திரும்பவில்லை. ஆனால் 2016-ல் உத்தராகண்டில் ஆட்சியைக் கலைத்தபோது, கோர்ட் உத்தரவுப்படி மே 10 அன்று சட்டசபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஹரீஷ் ராவத் ஜெயித்தார். ஒன்றரை மாதத்தில் ஆட்சி திரும்பியது. பொம்மை தோற்ற வழக்கல்ல என்று அன்று புரிந்தது.

போன வருஷம் பெயின்டிங் கான்ட்ராக்ட் விஷயத்தில் இங்கேயும் இரண்டு கையெழுத்துப் பட்டியல்கள் சுற்றின. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள், நானும் ஒருவன்! கடைசியில் பொதுக்குழுவில் கை தூக்கச் சொன்ன பிறகுதான் கணக்குத் தெரிந்தது.

நமக்காக நீதிபதி ஓட்டுப் போட முடியாது. எண்ண வேண்டிய இடத்தில் எண்ணச் சொல்லலாம், அவ்வளவுதான். அங்கே வந்து உட்கார வேண்டியது நாம். அடுத்த பொதுக்குழுவிலாவது கோரம் இல்லை என்று ஒத்திவைக்காமல் பார்த்துக்கொள்வோம்.