இசையமைப்பும் பயின்று பெறும் கலையே
(கமுந்திங் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



பாட்டுக்கு இசையமைக்கும் திறன் பிறவியிலேயே அமைவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பயிற்சியால் வளர்வது என்பதற்குச் சென்னை கே. எம். இசைக் கல்லூரி ஒரு சான்றாகும். திரு. ஏ. ஆர். ரஹ்மான் அவர்கள் 2008ஆம் ஆண்டில் இதனை நிறுவினார். மறு ஆண்டிலேயே, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயலின் முதலிய கருவிகளை இலவசமாகக் கற்பிக்கும் 'சன்ஷைன்' இசைக்குழுவும் அங்கே தோன்றியது.

அக்கல்லூரியில் பியானோ பயின்ற லிடியன் நாதஸ்வரம், 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பத்து இலட்சம் டாலர் பரிசு வென்றார். அப்பொழுது அவருக்கு வயது 13. அவர் அத்துடன் நின்றுவிடவில்லை, திரு. இளையராஜா அவர்களிடம் மாணவராகச் சேர்ந்து இசையமைப்புப் பயின்றார். 2024இல் வெளிவந்த 'பரோஸ்' திரைப்படத்தில் அவரது இசை ஒலித்தது.

அந்த ஆசிரியரும் ஒரு காலத்தில் மாணவரே. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். 2025 மார்ச் 8ஆம் நாள் அவரது சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது.

நம் இளைஞர்கள் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் முழக்குகிறார்கள். காதும் கையும் அவர்களுக்கு உண்டு. இசையை எழுதும் பயிற்சிதான் இல்லை. எழுதி வைக்காத இசை, வாசித்தவரோடு மறைந்துவிடக்கூடும். ஆகவே, இசையில் நாட்டமுள்ள பிள்ளையை நாம் தடுக்க வேண்டாம். பள்ளிப் பாடத்தோடு சுரங்களை எழுதவும் கற்கட்டும். விலையுயர்ந்த கருவி பிறகு வரலாம். தொடங்குவதற்கு ஓர் ஏடும் நல்லாசிரியரும் போதும்.